எழுத்துநிரலும் ஆக்கவுரிமையும்: தமிழ் விசைப்பலகை பற்றிய ஓர் ஆராய்ச்சி

எழுத்தாணி பிடித்து ஏட்டில் எழுதிய காலம் ஒன்று; மை தொட்டுக் கடதாசியில் எழுதிய காலம் ஒன்று; விரலால் விசையைத் தட்டி எழுதும் காலம் ஒன்று. நாம் வாழ்வது மூன்றாவது காலத்தில். விண்ணப்பமாயினும் வினாத்தாளாயினும் திருமண அழைப்பாயினும் இன்று விசைப்பலகையின் வழியாகவே பிறக்கின்றது. பலகையில் எந்த எழுத்து எந்த விசையில் இருக்கின்றது என்பதை நாம் கேள்வியின்றி ஏற்றுக் கொள்கின்றோம். ஆயினும் அந்த ஒழுங்கு இயற்கையாய் அமைந்ததன்று. யாரோ ஒருவர் இருந்து, எண்ணி, வகுத்தது. அங்ஙனம் வகுத்தவர், “இஃது என்னுடைய ஆக்கம், என் இசைவின்றிப் பிறர் எடுத்தாளலாகாது” என்று சட்டத்தின் துணைகொண்டு மறிக்கலாமா? எழுத்து எல்லார்க்கும் பொது. எழுத்தை அடுக்கிய முறை மட்டும் ஒருவருக்கு உரியதாகுமா? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொள்கின்றது.

முதலில் ஆக்கவுரிமை என்பது யாதெனக் காண்போம். தமிழகத்தார் இதனைக் காப்புரிமை என வழங்குவர். புதியதொரு பொருளை அல்லது செய்முறையை ஆக்கிய ஒருவர், தம் நுட்பத்தை மறைக்காது உலகறிய எழுதிக் கொடுக்கின்றார். அதற்கு ஈடாக அரசு, குறித்த காலம்வரை அதனைப் பிறர் செய்யவும் விற்கவும் ஒட்டாது தடுக்கும் உரிமையை அவருக்கு அளிக்கின்றது. காலம் முடிந்ததும் நுட்பம் பொதுவுடைமை ஆகிவிடும். ஆகவே ஆக்கவுரிமை வெறும் பரிசன்று. அது பொதுமக்களுக்கும் ஆக்கியோனுக்கும் இடையே நிகழும் ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தமாயின் இரு பக்கத்தாரும் எதனைப் பெறுகின்றனர் என்று கேட்பது முறையேயாம்.

இலங்கையில் இப்பொருளை ஆள்வது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 62 ஆம் பிரிவின்படி, புத்தாக்கம் என்பது தொழில்நுட்பத் துறையில் எழும் குறித்த ஒரு சிக்கலை நடைமுறையில் தீர்க்க உதவும் கருத்தாகும். அக்கருத்துப் புதியதாயிருத்தல் வேண்டும். அத்துறை வல்லார் எவர்க்கும் எளிதிற் புலப்படாததாயிருத்தல் வேண்டும். கைத்தொழிலுக்குப் பயன்படுவதாயிருத்தல் வேண்டும். இம்மூன்றும் பொருந்தினால் விண்ணப்பித்த நாள் தொட்டு 20 ஆண்டுகளுக்கு உரிமை கிடைக்கும். சிலவற்றைச் சட்டம் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றது. விஞ்ஞானக் கொள்கைகள், கணித முறைகள், வணிகம் நடத்துதற்கும் முற்றிலும் மனத்தாற் செய்யும் செயலுக்கும் விளையாட்டுக்கும் உரிய திட்டங்கள், விதிகள், முறைகள் என்பன அவை. இந்தியாவின் 1970 ஆம் ஆண்டுச் சட்டம், 2002 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர், இதனினும் வெளிப்படையாகப் பேசுகின்றது. கணினிச் செய்நிரல் தன்னளவிலும், கணக்கீட்டு நெறியும், தகவலை எடுத்துக் காட்டும் முறையும் அங்கே புத்தாக்கமாகா.

இனி, இவ்விதிகளை விசைப்பலகைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒருவர் இருந்த பலகையையே எடுத்து, விசைகளின் மேற் பொறித்த எழுத்துகளை மட்டும் இடம் மாற்றுகின்றார் என்று கொள்க. நெம்புகோல் மாறவில்லை, வில் மாறவில்லை, மின்சுற்று மாறவில்லை. மாறியது அடையாளம் ஒன்றே. இதனைத் தொழில்நுட்ப ஆக்கம் என்று எங்ஙனம் சொல்வது? புத்தகத்தின் அட்டையில் தலைப்பை மேலிருந்து கீழே மாற்றி அச்சிடுவது போன்றதன்றோ இது? இவ்வாறு வினவுவோர் ஒரு சாரார். மற்றொரு சாரார் கூறுவது வேறு. அதிகம் வரும் எழுத்தை வலிய விரலின் கீழும், அரிதில் வரும் எழுத்தைத் தொலைவிலும் வைத்தால், விரல் செல்லும் தூரம் குறைகின்றது, பிழை குறைகின்றது, களைப்புக் குறைகின்றது. விளைவு புறவுலகில் அளந்தறியத் தக்கதாயிருக்க, அதனை வெறும் அடையாளம் என்று தள்ளுதல் தகுமோ என்பர் இவர்.

இரு சாராரின் வழக்கையும் தீர்ப்பதற்கு ஆங்கில நாட்டுத் தீர்ப்பொன்று வழி காட்டுகின்றது. 1940 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளிற் பதிவான ஃபிஷ்பர்ன் என்பாரின் விண்ணப்பம் அது. அவர் கேட்டது ஒரு பயணச் சீட்டுக்கு உரிமை. சீட்டில் விவரங்களை அச்சிட்ட அமைப்பினால், அதனை எப்பக்கமாகக் கிழித்தாலும் வேண்டிய செய்தி இரு துண்டுகளிலும் எஞ்சி நின்றது. அச்செழுத்துக்கு உரிமையில்லை என்பதே பொது விதி. எனினும் இங்கே எழுத்தின் அமைப்பு, கிழித்தல் என்னும் புறச்செயலோடு பிணைந்து ஒரு பயனைச் செய்தமையால் உரிமை அளிக்கலாம் என்று முடிவாயிற்று. இதிலிருந்து நாம் பெறும் உரைகல் இது: எழுத்து எதனைச் சொல்கின்றது என்பதற்கு உரிமையில்லை, எழுத்தின் அமைப்பு ஒரு பொறியோடு இயைந்து எதனைச் செய்கின்றது என்பதற்கே உரிமை உண்டு.

இவ்வுரைகல்லைக் கையிற் கொண்டு வரலாற்றைப் பார்ப்போம். அமெரிக்கராகிய கிறிஸ்தோபர் லாதம் ஷோல்ஸ் என்பார் துணைவர் இருவரோடு சேர்ந்து 1868 ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறிக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1874 ஆம் ஆண்டில் ரெமிங்டன் நிறுவனம் அவருடைய பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 1878 ஆம் ஆண்டு ஆகஸ்டு 27 ஆம் நாள் அவர் பெற்ற மற்றோர் உரிமையின் படத்தில், இன்று உலகெங்கும் வழங்கும் குவெர்ட்டி ஒழுங்கை ஏறக்குறையக் காணலாம். அவ்வொழுங்கு முதலில் அகரவரிசையாகவே இருந்தது என்பதற்கு அடையாளம் இன்றும் நடுவரிசையில் உண்டு. டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல் என்று நிற்கும் எழுத்துகளை நோக்குக. ஈ, ஐ என்னும் உயிர்கள் இடையே விலகிப் போயின. ஏனையவை நெடுங்கணக்கு முறையிலேயே நிற்கின்றன. பழைய ஊரின் தெருக்கள் புதிய நகரத்தினுள்ளும் மறையாதிருப்பது போன்றது இது.

எழுத்துநிரலுக்கென்றே உரிமை பெற்ற பெயர்போன நிகழ்ச்சி இதற்குப் பின்னர் நடந்தது. சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஆகஸ்டு டுவொராக் என்பார், தம் மைத்துனர் வில்லியம் டீலியோடு கூடி, ஆங்கிலத்தில் எவ்வெழுத்து எத்தனை முறை வருகின்றது, எதனை அடுத்து எது வருகின்றது என்று ஆராய்ந்தார். உயிரெழுத்து ஐந்தையும் இடக்கையின் நடுவரிசையில் வைத்தார். மிகுதியாய் வரும் மெய்களை வலக்கையின் நடுவரிசையில் வைத்தார். உயிரும் மெய்யும் மாறி மாறி வருவது மொழியின் இயல்பு. ஆகவே இரு கைகளும் மாறி மாறி இயங்கும். இவ்வொழுங்கிற்கு 1932 ஆம் ஆண்டில் விண்ணப்பித்து, 1936 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள் 2,040,248 என்னும் இலக்கமுடைய ஆக்கவுரிமையைப் பெற்றார். எனவே எழுத்துநிரலுக்கு உரிமை கிடைக்குமா என்ற கேள்விக்கு வரலாறு ‘ஆம்’ என்று ஒருமுறை விடையளித்திருக்கின்றது என்க.

ஆனால் அவ்வுரிமையால் விளைந்தது என்ன? அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி உரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டுகளில், அதாவது 1953 ஆம் ஆண்டில், அது முடிந்தது. அதற்குள் உலகம் டுவொராக்கின் பலகைக்கு மாறவில்லை. அதன் பின்னரும் மாறவில்லை. இதற்குக் காரணம் யாது என்பதிற் பொருளியலார் இரு பிரிவினர். பழகிய பலகையை விட்டு மாறும் செலவே நல்லதைத் தடுத்தது என்று பால் டேவிட் என்பார் 1985 ஆம் ஆண்டில் எழுதினார். புதிய பலகை அத்துணைச் சிறந்ததென்பதற்குச் சான்று வலிதன்று என்று லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்னும் இருவர் 1990 ஆம் ஆண்டில் மறுத்தனர். இவ்விவாதத்தினின்று நாம் கொள்ளத்தக்க கருத்து ஒன்று உண்டு. பலகையின் மதிப்பில் ஒரு பங்கே அதனை வகுத்தவரின் அறிவினால் வந்தது. பெரும்பங்கு அதனைப் பயின்ற விரல்களின் எண்ணிக்கையால் வந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கிலப் பொறியிலே 26 எழுத்துகளுக்கு இடம் தேடினால் போதும். தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். 46 விசைகள் கொண்ட பொறியாயின் ஒவ்வொரு விசைக்கும் இரண்டாக 92 இடங்களே உண்டு. 247 எழுத்துகளை 92 இடங்களில் அடக்குவது எங்ஙனம்? கா, கெ, கை போன்றவற்றில் குறி தனியே நிற்பதால் அதனைத் தனி விசையில் வைத்துவிடலாம். கு, கூ, மு, மூ என வரும் வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டி, எழுத்துக்கு எழுத்து உருவம் வேறாகின்றது. மெய்யின் புள்ளியோ எழுத்தின் தலைமேல் ஏற வேண்டும். பொறியில் ஒரு விசையை அடித்ததும் தாள் தாங்கி ஓர் இடம் நகர்ந்துவிடும். நகர்ந்தபின் தலைமேற் புள்ளி வைப்பது இயலாது.

இச்சிக்கலைத் தீர்த்துத் தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஆக்கியவர் நம் நாட்டவரே என்பது நாம் பெருமிதம் கொள்ளத் தக்கது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886 ஆம் ஆண்டிற் பிறந்து, சிங்கப்பூருக்குச் சென்று தொழில் புரிந்த ஆர். முத்தையா அவர்களே அவர். அவர் கையாண்ட நுட்பங்களுள் தலையாயது நகரா விசை. குறியைத் தாங்கிய விசையை அடித்தால் குறி தாளிற் பதியும், தாங்கி நகராது. அதன்பின் எழுத்தை அடித்தால், எழுத்துக் குறியின் கீழே வந்து அமரும். அப்பொழுதே தாங்கி நகரும். கையால் எழுதும்போது எழுத்து முன்னும் புள்ளி பின்னுமாக எழுதும் நாம், பொறியில் புள்ளி முன்னும் எழுத்துப் பின்னுமாக அடிக்கக் கற்றது இதனாலேயே. அவர் வகுத்த பொறிகளை ஜெர்மனி நாட்டில் வார்ப்பித்துத் தமிழர் வாழும் நாடுகளுக்குக் கொணர்ந்தார்.

இங்கே நம் உரைகல்லை மீண்டும் எடுத்துக்கொள்வோம். முத்தையா அவர்களின் பணியில் இரண்டு கூறுகள் உள்ளன. ஒன்று, குறிகளைப் பிரித்து, நகரா விசையோடு பிணைத்து, 247 எழுத்துகளைச் சில பத்து விசைகளில் அடக்கிய முறை. இது பொறியோடு பிணைந்தது. புறத்தே ஒரு சிக்கலைத் தீர்த்தது. ஆதலின் இத்தகையது புத்தாக்கம் என்னும் பெயருக்கு எவ்வாற்றானும் உரியது. மற்றொன்று, ‘ய’ இந்த விசையில், ‘ள’ அந்த விசையில் என்று இடம் வகுத்தது. இதுவும் அறிவுப் பணியே. ஆயினும் இதன் பயன் பொறியினின்று பிறப்பதன்று. பயில்வோர் பலர் ஒரே வகையாகப் பயில்வதனின்று பிறப்பது. முன்னதைப் பிறர் மேலும் திருத்தலாம். புதியது கண்டால் பழையதை விடலாம். பின்னதையோ ஒருமுறை விரல் பழகிவிட்டால் விடுதல் அரிது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையக்கருத்து.

கணினி வந்தபின் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகியது. நகரும் தாங்கி இல்லை. ஆகவே நகரா விசையும் வேண்டுவதில்லை. எழுத்துகளைச் சேர்க்கும் வேலையைச் செய்நிரல் மேற்கொண்டது. 1999 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ் 99’ என்னும் விசைப்பலகை வகுக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழக அரசின் ஆணையால் ஏற்கப்பெற்றது. அதில் 12 உயிர்களும் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். நடுவரிசையில் அ, இ, உ, புள்ளி, எ என்பன இடக்கைக்கும், க, ப, ம, த, ந என்பன வலக்கைக்கும் உரியன. ஆய்தம் நீங்கலான தமிழ் எழுத்துகளுக்குப் பெயர்ப்பு விசையை அழுத்த வேண்டுவதில்லை. ஆய்தத்துக்கும் கிரந்த எழுத்துகளுக்குமே அது தேவை.

இதன் சிறப்பு எழுத்துகளின் இடத்தில் மட்டும் இல்லை; விதியில் இருக்கின்றது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலெழுத்துத் தானே புள்ளி பெறும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இனவெழுத்துகள் அடுத்தடுத்து வரின் மெல்லெழுத்துத் தானே புள்ளி பெறும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டல் போதும். ‘தங்கம்’ என்பதற்கு த, ங, க, ம, புள்ளி என ஐந்து போதும். ஒவ்வொரு புள்ளியையும் அடிக்கும் பலகையில் ஆறு வேண்டும். வல்லினத்துக்கு மெல்லினம் இனமாதல் என்னும் இலக்கண விதி இங்கே பொறியின் விதியாகின்றது. நன்னூல் பயின்ற மாணவன் இதனைக் கண்டு மகிழ்வான்.

ஒருவர் இத்தகைய பலகைக்கு ஆக்கவுரிமை கோரியிருந்தால் என்னாகியிருக்கும்? ஆய்வாளர் மூன்று வினாக்களை எழுப்பியிருப்பார். உயிரை ஒரு கையிலும் மெய்யை மறு கையிலும் வைத்தல் புதிதோ? அன்று, டுவொராக் 1936 ஆம் ஆண்டிலேயே உலகறியச் செய்தார். அங்ஙனமாயின் அதே நெறியைத் தமிழுக்குப் பொருத்தியது துறை வல்லார்க்குப் புலப்படாத ஒன்றோ? ஐயத்திற்குரியது. புள்ளி தானே தோன்றும் விதி புதிதாயின், அது பொறியைச் சார்ந்ததோ, அன்றி வெறும் கணக்கீட்டு நெறியோ? இந்தியச் சட்டத்தின் முன் இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. இனி, அ, ஆ, இ, ஈ என்று நெடுங்கணக்கு முறையிலேயே விசைகளை நிரப்பிய ஒரு பலகையை நினைத்துக்கொள்க. அந்நிரல் தமிழ் கற்பவர் எல்லாரும் பாலர் வகுப்பில் ஓதும் நிரல். அதிற் புதுமையும் இல்லை. ஒருவர்க்கு உரிமையும் இல்லை.

ஆக்கவுரிமை கிடையாவிடில் பதிப்புரிமை கோரலாமோ எனச் சிலர் வினவுவர். பதிப்புரிமை என்பது வெளிப்பாட்டைக் காப்பது. கருத்தையும் முறையையும் காப்பதன்று. இலங்கைச் சட்டத்தின் 8 ஆம் பிரிவு, கருத்து, செய்முறை, ஒழுங்கு, இயக்கும் முறை ஆகியவற்றிற்குப் பதிப்புரிமை இல்லை என்று தெளிவாய்க் கூறுகின்றது. அமெரிக்காவில் லோட்டஸ் நிறுவனத்துக்கும் போர்லாண்டு நிறுவனத்துக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில், கணினிச் செய்நிரலின் கட்டளைப் பட்டியல் இயக்கும் முறையே எனக் கூறி 1995 ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பதிப்புரிமையை மறுத்தது. 1996 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தமையால் அத்தீர்ப்பே நிலைத்தது. மேன்முறையீட்டு நீதிபதியருள் ஒருவராகிய பௌடின், இணங்கி எழுதிய தனியுரையில் குவெர்ட்டிப் பலகையையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். நாளடைவில் இத்தகைய ஒழுங்கின் மதிப்பு, அதனை ஆக்கினவருடைய திறத்திலும் பார்க்க, அதனைக் கற்பதில் மக்கள் செலவிட்ட உழைப்பிலேயே தங்கிவிடுகின்றது என்பது அவர் கருத்து. பிறர் உழைப்பால் விளைந்த மதிப்புக்கு ஒருவர் வேலியிடுதல் நீதியாகுமா என்பதே அதன் உள்ளுறை.

இவை ஏட்டளவில் நிற்கும் விவாதங்கள் அல்ல. நம் அயலிலேயே வங்காள மொழிக்கு இச்சிக்கல் நேர்ந்தது. முஸ்தபா ஜப்பார் என்பார் 1988 ஆம் ஆண்டில் ‘பிஜோய்’ என்னும் வங்காள விசைப்பலகையை வெளியிட்டார். அது பங்களாதேசத்தில் மிகப் பரவியது. 2003 ஆம் ஆண்டில் மெஹ்தி ஹசன் கான் என்னும் மருத்துவ மாணவர் ‘அப்ரோ’ என்னும் மென்பொருளை ஆக்கி இலவசமாக வழங்கினார். அதனுள் பிஜோயை ஒத்த ஓர் ஒழுங்கும் இருந்தது. 2010 ஆம் ஆண்டில் ஜப்பார் உரிமை மீறல் என முறையிட்டார். நாடெங்கும் பெரும் சொற்போர் எழுந்தது. முடிவில் இரு சாராரும் உடன்பாடு கண்டு, அவ்வொழுங்கு அப்ரோவினின்றும் நீக்கப்பட்டது. உரிமை உண்டா இல்லையா என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றும் அப்போது பிறக்கவில்லை. வருந்தியவர் பிஜோயைப் பயின்ற பொதுமக்கள். அவர்கள் விரல் பழகிய வழி, ஒரு மென்பொருளில் அடைக்கப்பட்டது.

கொரிய நாட்டார் வேறு வழி கண்டனர். கைத்தொலைபேசியின் பன்னிரண்டு விசைகளில் கொரிய எழுத்தை அடக்கும் முறைகள் பல இருந்தன. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டன. அவற்றுள் ‘சொன்ஜிஇன்’ என்பது வானம், நிலம், மனிதன் என்னும் மூன்று கீற்றுகளைச் சேர்த்து உயிரெழுத்தை ஆக்கும் முறை. அதற்கு ஆக்கவுரிமை இருந்தது. தொலைபேசியை மாற்றியவர் எழுதும் முறையையும் மாற்றிப் பயில வேண்டியிருந்தது. 2010 ஆம் ஆண்டில் உரிமையுடையோர் நாட்டு நலம் கருதித் தம் உரிமையை விட்டுக்கொடுக்க முன்வந்தனர்; 2011 ஆம் ஆண்டில் அம்முறை நாட்டின் தரமாக ஏற்கப்பட்டது. ஆக்கியோர்க்குப் பெயரும் நிலைத்தது. மக்களுக்குப் பயனும் கிட்டியது.

நம் நாட்டு நிலை யாது? தமிழ் விசைப்பலகையை ஆக்கவுரிமை என்னும் பூட்டு எங்கும் பூட்டிவைக்கவில்லை. பூட்டு இல்லாதிருந்தும் நாம் ஒரே வழியிற் செல்லவில்லை என்பதே நம் குறை. இலங்கையில் நெடுங்காலம் பாமினி எழுத்துருவும் அதனோடு ஒட்டிய பலகையும் வழங்கின. இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 1326 ஆம் இலக்கத் தரம் 2008 ஆம் ஆண்டில் ரெங்கநாதன் பலகையை ஏற்றது. தமிழகம் தமிழ் 99 ஐ ஏற்றது. மலேசியாவில் 1985 ஆம் ஆண்டில் தோன்றிய முரசு அஞ்சல், ஒலிபெயர்ப்பு முறையைப் பரப்பியது. கைத்தொலைபேசியிலே இன்னும் பல. ஆங்கில எழுத்தின் இடங்களிலே தமிழ் உருவைப் பொருத்திய பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்த பழைய கோப்பு ஒன்றை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே திறந்து பாருங்கள். பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். பாடசாலை மலர்களும் கோயில் வரலாறுகளும் சங்க அறிக்கைகளும் இங்ஙனம் வாயடைத்துக் கிடக்கின்றன. ஒரு பலகையில் ஆறு மாதம் பயின்று வேகம் பெற்ற இளைஞன், வேறு பலகை வைத்திருக்கும் காரியாலயத்தில் கற்றுக்குட்டியாகின்றான். தொழில் தேடும் இளைஞர்க்கு இது சிறு செய்தியன்று. சோற்றோடு தொடர்புடைய செய்தி.

ஆகவே பூட்டில்லாமை மட்டும் போதாது. பொது உடன்பாடும் வேண்டும். இவ்வுண்மையை நம் மட்டக்களப்பு மாநிலத்தார்க்கு எடுத்துரைக்கத் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936 ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் நடைபெற்ற சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். அறிவியலுக்குத் தமிழிற் சொற்கள் வேண்டும் என்று அறிஞர் பலர் கூடி ஆராய்ந்து ஆக்கினர். அச்சொற்களுக்கு எவரும் உரிமை கோரவில்லை. கோரியிருந்தால் பாடநூல் எழுதுவோர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லைத் தேடி அலைந்திருப்பர். மாணவர் நூலுக்கு நூல் புதுச்சொல் பயில வேண்டியிருந்திருக்கும். சொல்லும் விசைநிரலும் ஓரினம். இரண்டும் பலர் உடன்பட்டு வழங்குவதாற் பயன் பெறுவன. ஒருவர் கையில் அடைபட்டாற் பயன் குன்றுவன.

அங்ஙனமாயின் புதியது காண்பார்க்கு ஊக்கம் வேண்டாவோ எனின், வேண்டும். விசையின் அமைப்பிலே, விரலின் நோவைத் தணிக்கும் பலகையின் வடிவிலே, பார்வையற்றோர்க்கும் கை இயலாதோர்க்கும் உதவும் கருவியிலே புதியது கண்டவர் ஆக்கவுரிமை பெறுக. 20 ஆண்டுகள் அதன் பயனை நுகர்க. பிறர் வேறு கருவி செய்துகொள்ளத் தடையில்லை. எழுத்துநிரலைப் பொறுத்தவரையில், ஆக்கியவர்க்குப் பெயரும் புகழும் அரசின் பரிசும் உரியன. தடுக்கும் உரிமை உரியதன்று. அந்நிரலைத் தரமாக ஏற்பதற்கு முன் அரசு அதில் எவர்க்கும் உரிமைக் கோரிக்கை இல்லை என்பதை எழுத்திற் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும். பாடசாலைகளும் காரியாலயங்களும் ஏற்ற தரத்தையே கற்பித்து வழங்குதல் வேண்டும்.

மண்டூர் மக்களுக்கு இதனை ஓர் உவமையால் விளக்கிவிடலாம். மட்டக்களப்பு வாவியின் மேல்கரையில் மண்டூரும் கீழ்கரையிற் குருமண்வெளியும் எதிரெதிரே நிற்கின்றன. முருகன் திருவிழாவுக்கு வருவோரும் வயலுக்குச் செல்வோரும் பாடசாலைக்கு வருவோரும் நெடுங்காலம் ஓடத்திலும் பாதையிலும் அந்நீரைக் கடந்து வந்தனர். விரைந்து செல்லும் ஓடத்தைக் கட்டியவனுக்கு அவ்வோடத்தில் உரிமை உண்டு. கூலி பெறுதலும் முறையே. ஓடம் சேரும் துறையோ எவர்க்கும் சொந்தமன்று. கால் பட்டுப் பட்டு, தலைமுறை தலைமுறையாக மக்களே ஆக்கியது அது. துறையை ஒருவன் மறித்தால் வாவியின் இரு கரையும் பிரிந்துவிடும். துறைகள் பத்து ஆகி, எத்துறையில் ஓடம் வரும் என்று அறியாது மக்கள் அலைந்தாலும் பயன் அதுவே. நுட்பம் ஓடம் போன்றது. எழுத்துநிரல் துறை போன்றது. ஓடத்துக்கு உரிமை வழங்குவோம். துறையை ஒன்றாக்கிப் பொதுவில் வைப்போம்.